கோத்தகிரியில் ஊட்டி வானொலி (1602) இரைச்சலாகக் கேட்கிறது: ரேடியோவை மாற்ற வேண்டுமா?

கோத்தகிரிக்காரி (கேள்வி, ஜனவரி 2017)

வானொலி விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். எனக்கு இது அவசரம்.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலையில் இறங்கி, பள்ளத்துப் பக்கம் நடந்தால் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தேயிலை, அதற்குக் கீழே பக்கத்துக்காரருடைய கேரட் தோட்டம். என் மாமனாருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. தினமும் ஒரு வரி விடாமல் பத்திரிகை படித்தவர். இப்போது அவருக்குப் பத்திரிகை, ஊர் வம்பு, வெளியுலகம் எல்லாமே ஒரு பிலிப்ஸ் ரேடியோதான். அதில் அவர் வைப்பது ஒரே நிலையம்: ஊட்டி, மத்திய அலை (மீடியம் வேவ்) 1602 கிலோ ஹெர்ட்ஸ்.

பாட்டு கேட்க அவர் ரேடியோ போடுவதில்லை, படுகப் பாட்டு வந்தால் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு வேண்டியது பேச்சு. காலை 7.15 டெல்லித் தமிழ்ச் செய்தி, தோட்டக்கலை அதிகாரி தேயிலையின் கொப்புள நோய்க்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று சொல்வது, பசுந்தேயிலை விலை, நேயர் கடிதங்களுக்குப் பதில். அறிவிப்பாளர்களை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் ஒருவர் குரல் கம்மியிருந்தால், “இன்று அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறது, சுடுதண்ணீர் குடிக்கக்கூடாதா” என்று வருத்தப்படுவார்.

சில மாதங்களாக இரண்டு தொல்லைகள். பகலில் ‘உஸ்’ என்ற இரைச்சல், அதன் மேல் ‘டிக்... டிக்...’ என்று விடாமல் ஒரு சத்தம். மாலை ஆறு மணிக்கு மேல் வேறொரு கூத்து. யாரோ இந்தியில் பேசுகிறார்கள், இன்னொரு மொழியும் கலக்கிறது, குரல் பொங்கி வந்து அடங்குகிறது, நடுவில் நம் ஊட்டி காணாமல் போகிறது. டவுனில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பேட்டரியில் போட்டுப் பார்த்தார்கள், கணீரென்று பாடியது. வீட்டுக்கு வந்ததும் பழைய கதை.

என் கணவர் புது செட் வாங்கிவிடலாம் என்கிறார். உறவுக்காரப் பையன்கள், “மத்திய அலையெல்லாம் முடிந்துபோன விஷயம், தூக்கிப் போடுங்கள்” என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது எங்களுக்கு மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, எந்தப் பக்கமும் பஸ் இல்லை. எந்தச் சாலை துண்டாகியிருக்கிறது என்று இந்தச் செட்தான் பேட்டரியில் ஓடிச் சொன்னது. அக்கம்பக்கத்தார் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்றை எப்படித் தூக்கிப் போடுவது?

கோளாறு செட்டிலா, நிலையத்திலா, எங்கள் வீட்டிலா? வெளியே கம்பி கட்டினால் பயன் உண்டா?

சமவெளிவாசி

சகோதரி, செல்போனில் ஆகாசவாணியின் செயலியை இறக்கிக்கொண்டால் அதன் பல நிலையங்கள் இரைச்சலே இல்லாமல் கிடைக்கும். அல்லது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்துக்கொள்ளுங்கள், டிவியிலேயே வானொலி அலைவரிசைகள் வருகின்றன. மாதக் கட்டணமும் கிடையாது. ஆண்டெனா, கம்பி என்று ஏன் சிரமப்பட வேண்டும்?

கோத்தகிரிக்காரி

நன்றி அண்ணா. ஆனால் எங்கள் பள்ளத்தில் செல்போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். டிவி கூடத்தில் இருக்கிறது, மாமா படுப்பது பின்னறையில். எல்லாவற்றையும் விட, கண் தெரியாதவருக்குத் தொடுதிரை எப்படிப் பயன்படும்? ரேடியோவின் திருகை விரலால் தடவி, தானே போட்டு, தானே அணைக்கிறார். அந்த ஒன்றையாவது அவர் யாரையும் எதிர்பார்க்காமல் செய்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

பழைய வால்வு

அம்மா, புது செட் வாங்க வேண்டாம். கடையில் கணீரென்று பாடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. செட் நன்றாக இருக்கிறது. உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு, தனித்தனியாகப் பார்ப்போம். சமவெளியில் ஒரு மத்திய அலை ஒலிபரப்புக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியே பழகியவன்.

முதலில் இரவுத் தொல்லை. 1602 என்பது பெரிய நிலையங்களுக்கான இடம் இல்லை. 1975-ல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடி மத்திய அலையைப் பங்கிட்டபோது 1485, 1584, 1602 ஆகிய மூன்றையும் சிறு நிலையங்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஒலிபரப்பு வலு ஒரு கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. திருச்சியின் 936-க்கு நூறு கிலோவாட், சென்னையின் 720-க்கு இருநூறு கிலோவாட். உங்கள் ஊட்டி ஒரே ஒரு கிலோவாட். தன் மாவட்டத்தோடு மட்டும் பேச வேண்டிய நிலையம், அதற்கு அவ்வளவு போதும். இதே 1602-ல் நாட்டின் வேறு பகுதிகளிலும் சிறு நிலையங்கள் இருக்கின்றன. பகலில் ஒன்றின் காலில் ஒன்று மிதிப்பதில்லை. ஏனென்றால் சூரியன் இருக்கும்வரை வான்மண்டலத்தின் கீழ் அடுக்கு மேலே போகும் மத்திய அலையை விழுங்கிவிடும், தரையோடு ஊர்ந்து வருவது மட்டும்தான் காதில் விழும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் அடுக்குகள் அலையைத் திருப்பிக் கீழே அனுப்புகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சின்ன நிலையம்கூட உங்கள் பின்னறைக்கு வந்து சேரும். குரல் பொங்கி அடங்குவதும் இதனால்தான். உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், ஊட்டிக்காரர்கள் யாரும் அசட்டையாக இல்லை.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, செலவே கிடையாது. செட்டின் உள்ளே, மேல் விளிம்பை ஒட்டி, விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு படுத்திருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஆண்டெனா. வெளியே இழுக்கும் குழல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டுமே, அதை இழுத்து நீட்டி 1602-க்குப் பயனில்லை. தண்டின் பக்கவாட்டு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து நன்றாக வாங்கும். அதன் இரு முனைகளும் காட்டும் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. கோத்தகிரிக்கு ஊட்டி ஏறக்குறைய நேர் மேற்கு, நடுவில் தொட்டபெட்டா மலை. ஆகவே செட்டின் முகமோ முதுகோ தொட்டபெட்டாவைப் பார்க்கட்டும். அப்போது தண்டின் முனைகள் வடக்கும் தெற்குமாக நிற்கும். இரவில் வந்து குறுக்கிடும் நிலையங்களில் பெரும்பாலானவை உங்களுக்கு வடக்கே இருப்பவை. ஒரே திருப்பலில் ஊட்டி ஏறும், வடக்கு இறங்கும். முழுவதும் போகாது, வானத்திலிருந்து இறங்கும் அலை கொஞ்சம் நழுவி வரத்தான் செய்யும். ஆனால் பேச்சு புரியும். சரியான இடம் கிடைத்ததும் மேசையில் ஒரு சின்னக் கட்டை அடித்துவிடுங்கள், அவர் கையால் தடவியே செட்டைச் சரியாக வைத்துக்கொள்வார்.

தகரக் கூரை வீடாக இருந்தால் செட்டை மேற்கு ஜன்னலோரம் நகர்த்துங்கள். தகரம் அலையைத் தடுக்கும்.

இனிப் பகல் இரைச்சல். வீட்டுக்குக் குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட் டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் ஆகிய எல்லாவற்றின் உள்ளேயும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று இருக்கிறது. வடிகட்டி வைக்காமல் காசு மிச்சம் பிடித்திருந்தால் அந்த வெட்டு முழுவதும் மத்திய அலையில் இரைச்சலாகக் கொட்டும். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். ‘உஸ்’ நின்றுவிட்டால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது என்று பிடிபடும்.

‘டிக் டிக்’ மட்டும் வீட்டுச் சமாசாரமாக எனக்குத் தோன்றவில்லை. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அப்படியென்றால் கேரட் தோட்டத்தின் மின்வேலியைச் சந்தேகப்படுங்கள். காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் போடும் வேலி நொடிக்கு ஒரு தடவைதான் துடிக்கும். ஒழுங்காக இருக்கும் வேலி ரேடியோவைத் தொந்தரவு செய்வது அரிது. செடி உரசினால், இன்சுலேட்டர் விரிசல் விட்டால், கம்பி முடிச்சு தளர்ந்தால், அந்த இடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு ‘டிக்’.

பண்பலை வந்தபின் மத்திய அலை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பண்பலையின் அலை நீளம் மூன்று மீட்டர். மலை குறுக்கே வந்தால் மறுபக்கம் நிழல்தான். கொடைக்கானல் பண்பலை உச்சியில் நின்றுகொண்டு பத்து கிலோவாட்டில் சமவெளிக்குப் பேசுவதால் பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. மலைக்குள்ளேயே இருக்கும் பள்ளங்களின் கதை வேறு. 1602-ன் அலை நீளம் 187 மீட்டர். அது மேட்டைத் தழுவி வளைந்து மறுபக்கம் இறங்கும். தொட்டபெட்டாவைத் தாண்டி உங்கள் பள்ளத்துக்கு வருவது இப்படித்தான். மாவட்டத்துக்குள் பேசும் பேச்சுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. 1960-களில் திருச்சி வானொலியில் கேட்டு விதைத்த ஆடுதுறை 27 ரகத்துக்கு அங்கே விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

தேவாலா மழை

பெரியவர் சொன்னதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. நான் கூடலூர்ப் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கண்டிப் பக்கத்தில் பிறந்தவர். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருட்டினால் ஒவ்வொரு வீட்டிலும் இலங்கை வானொலிதான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களைப் பற்றி அம்மா இன்றும் சொந்தக்காரர்களைப் போலப் பேசுவார். எந்த ஊரை விட்டு வந்தோமோ அந்த ஊர் இரவானால் வீட்டுக்கு வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அது எப்படி வருகிறது என்பது இன்றுதான் விளங்கியது.

ஆனால் எங்கள் நிலைமை கோத்தகிரி அக்காவை விட மோசம். மலையின் மேற்குச் சரிவில் கீழே இறங்கிக் கிடக்கிறோம். பகலில் கோழிக்கோட்டின் 684 கணீரென்று கேட்கும், எங்கள் சொந்த மாவட்டத்தின் 1602 முனகலாகத்தான் கேட்கும். ஜூன், ஜூலை மழையில் எங்களுக்குத் தெரிய வேண்டியது பள்ளிக்கு விடுமுறையா, நாடுகாணி வழியாகப் பஸ் போகிறதா என்பது. மலையாளத்தில் வயநாட்டுச் செய்தி கேட்டு என்ன செய்ய? ஐயா, நீளக் கம்பி கட்டினால் எங்களுக்கும் தேறுமா? செலவில்லாமல் கட்ட வழி சொல்லுங்கள்.

பழைய வால்வு

தேறும் தம்பி. பத்துப் பதினைந்து மீட்டர் உறையிட்ட செம்புக் கம்பி போதும், பழைய கேபிளைப் பிரித்தாலும் சரி. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, நைலான் கயிற்றால் இரு பக்கமும் கட்டி, கையெட்டாத உயரத்தில் இழுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்திலோ, அது அறுந்தால் விழும் இடத்திலோ வேண்டவே வேண்டாம். ஒரு முனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ரேடியோவின் மேல்பாகத்தைச் சுற்றி, தண்டு இருக்கும் இடத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். மிச்ச முனை வெளியே போய் ஈரமண்ணில் அடித்த ஓர் இரும்புக் கம்பியில் முடியட்டும். வீட்டு பிளக்கின் எர்த்தில் கட்டாதீர்கள், வீட்டு இரைச்சல் அத்தனையும் அதன் வழியாக உள்ளே வரும். செட்டைத் திறக்க வேண்டாம், எங்கும் பற்றவைக்க வேண்டாம். கம்பி பிடிப்பதைத் தண்டு தானே வாங்கிக்கொள்ளும். சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

கோத்தகிரிக்காரி

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

மெயினை அணைத்ததும் ‘உஸ்’ பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டதில் மாமாவின் அறை எல்.இ.டி. பல்பும், கூடத்தில் எப்போதும் சொருகியே கிடக்கும் ஒரு சார்ஜரும் மாட்டிக்கொண்டன. பல்பைக் கழற்றி வேறு வகை மாட்டினோம், சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுகிறோம்.

‘டிக் டிக்’ மட்டும் மெயினை அணைத்தபோதும் நின்றபாடில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நொடிக்கு ஒன்று. செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் கணவரும் நானும் தேயிலைக்குள் இறங்கினோம். இறங்க இறங்கச் சத்தம் கூடியது. வேலியை ஒட்டியே நடந்தோம். கீழ் மூலையில், ஓடைப் பக்கம், காதே அடைக்கும் அளவுக்குப் போனது. உண்ணிச்செடிப் புதர் ஒன்று வேலிக்குள் புகுந்து, அதன் ஒரு கிளை நடுக்கம்பி மேல் சாய்ந்து கிடந்தது. பனி இன்னும் காயவில்லை. கிளை கம்பியைத் தொட்ட இடத்தில் பட்டை கருகி, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஊசிமுனை அளவு நீலமாய் ஒன்று மின்னியது. ரேடியோவில் இவ்வளவு நாளாகக் கேட்டதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். முகம் கோணவில்லை, நல்ல மனிதர். “அதனால்தான் பன்றி உள்ளே வந்துகொண்டிருந்தது, வேலியில் அடியே இல்லை” என்றார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அரிவாளால் புதரை வேரோடு எடுத்தார், விரிசல் விட்ட இரண்டு இன்சுலேட்டர்களையும் மாற்றினார். அன்று பகல் முழுவதும் ஊட்டி தெளிவாகக் கேட்டது.

இரவுக்கு நீங்கள் சொன்ன திருப்பல் வேலை செய்கிறது. இந்திக்காரர் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறார். ஆனால் பேச்சு விடாமல் புரிகிறது. கட்டை அடித்தாகிவிட்டது. இந்த வாரம் மாமா சொல்லச் சொல்ல நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று எல்லாம் குறிப்பிடச் சொன்னார். அறிவிப்பாளரின் சளியைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இரவுக்காக நீளக் கம்பியும் கட்டலாம் என்று என் கணவர் சொல்கிறார். கட்டலாமா? இங்கே சித்திரையில் இடி பயங்கரமாக விழும்.

பழைய வால்வு

நிலையத்துக்கு எழுதியது மிக நல்ல காரியம் அம்மா. நேயர் கடிதம் வராத நிலையத்தை யாரும் கேட்பதில்லை என்று மேலிடத்தில் எண்ணிவிடுவார்கள். தேதி, நேரம், நிகழ்ச்சி, இடம், கேட்ட தரம் ஆகியவற்றை எழுதி அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அங்கே வேலை பார்ப்பவர்களின் கையில் ஓர் ஆதாரம். மாதம் ஒன்று எழுதுங்கள். தேவாலாத் தம்பியும் எழுத வேண்டும். கேட்கவில்லை என்பதையும் நிலையம் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

கம்பி உங்களுக்குத் தேவையில்லை. திருப்பலிலேயே பேச்சு புரிகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். நீளக் கம்பி ஊட்டியோடு சேர்த்து வடக்கத்தி நிலையங்களையும் இழுத்து வரும், செட்டைத் திருப்பிச் சம்பாதித்ததைக் கம்பி கெடுத்துவிடும். தம்பிக்குப் பகலிலேயே போதவில்லை, ஆகவே அவர் கட்டலாம். கோடை மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் முன்னால், வானம் கறுத்த உடனே, இடிச் சத்தத்துக்குக் காத்திராமல், சுற்றை ரேடியோவிலிருந்து கழற்றி முனையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நாட்களில் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.